குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது: ஆண் பெயரா, பெண் பெயரா, இருவருக்கும் பொதுவானதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெயர் எழில். நான் பெண். பெயரை மட்டும் பார்த்தால் அது தெரியாது என்பதாலோ என்னவோ, சொந்தத்திலும் நட்பிலும் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் பெயர் விஷயத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறார்கள். சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள், சிலர் பயத்தோடு கேட்கிறார்கள், கேள்விகள் மட்டும் பெரும்பாலும் அதேதான். அதனால் அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்து இங்கே வைக்கிறேன். சட்டம், சான்றிதழ் பற்றி வருவதெல்லாம் தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கானது.

யுனிசெக்ஸ் பேர்னா என்ன? தமிழ்ல அப்படிப் பேரெல்லாம் இருக்கா?

பையனுக்கும் பெண்ணுக்கும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே வைக்கக்கூடிய பெயர், அவ்வளவுதான். தமிழில் தாராளமாக இருக்கின்றன: எழில், மதி, தமிழ், அன்பு, அருள், சுடர், இசை, யாழ், முத்து, மணி, கண்மணி. வடமொழி வழியாக வந்தவற்றில் கிரண், சுமன், கீர்த்தி என்று சொல்லலாம். கிரண் பேடி பெண், கிரிக்கெட் விக்கெட் கீப்பர் கிரண் மோரே ஆண். கீர்த்தி சுரேஷ் நடிகை, கீர்த்தி ஆசாத் 1983 உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு பெயர் பொதுவானதா என்பது அந்தச் சொல்லை மட்டும் பொறுத்ததில்லை, கேட்கிறவரின் காதுப் பழக்கத்தையும் பொறுத்தது. ஜோதி என்றால் தமிழ்நாட்டில் பெண் என்றுதான் நினைப்போம், ஆனால் மேற்கு வங்கத்தில் 1977 முதல் 2000 வரை முதல்வராக இருந்தவர் ஜோதி பாசு. ஆந்த்ரேயா என்பது இத்தாலியில் ஆண்களின் பெயர், ஜெர்மனியில் பெண்களின் பெயர்.

இதெல்லாம் இப்போ வந்த ஃபேஷன்தானே? நம்ம தாத்தா பாட்டி காலத்துல ஏது?

இருந்தது, இன்னும் சொல்லப்போனால் நம்மைவிட அவர்கள் இதில் தாராளமாக இருந்தார்கள். தெற்கே இசக்கி என்று கூப்பிட்டால் இசக்கிமுத்துவும் திரும்பிப் பார்ப்பார், இசக்கியம்மாளும் திரும்பிப் பார்ப்பார். மாரி என்றால் மாரியப்பனாகவும் இருக்கலாம், மாரியம்மாளாகவும் இருக்கலாம். முத்து, பாண்டி, செல்லம் எல்லாம் இப்படித்தான். சான்றிதழில் இருக்கும் முழுப்பெயரில் பின்னால் ஒட்டிய அப்பனும் அம்மாளும்தான் ஆண், பெண் என்று பிரித்தன, வாழ்நாள் முழுக்க வாயில் புழங்கிய பெயர் இருவருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது.

இன்னும் பின்னால் போனாலும் அப்படியே. தொல்காப்பியம் விரவுப்பெயர் (உயர்திணை, அஃறிணை இரண்டுக்கும் பொதுவாக வரும் பெயர்) என்று ஒரு வகையே சொல்கிறது, அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, "கோதை வந்தான், கோதை வந்தாள், கோதை வந்தது". எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது. ஏனென்றால் சேர அரசர்களுக்குக் கோதை என்ற பெயர் உண்டு (மனைவி இறந்தபோது புறநானூற்றில் உருகிப் பாடிய அரசன் பெயர் மாக்கோதை), ஆண்டாளுக்கும் கோதை என்றுதான் பெயர். ஒரு பெயர், ஒரு பக்கம் அரசன், இன்னொரு பக்கம் ஆண்டாள்.

ஒரு பேரைக் கேட்டதும் ஆணா பொண்ணானு நமக்கு எப்படித் தெரியுது?

பெரும்பாலும் கடைசி எழுத்தை வைத்துத்தான். அன் என்று முடிந்தால் ஆண் (கண்ணன், முருகன், இனியன்), அள், அம்மாள், இ என்று முடிந்தால் பெண் (வள்ளியம்மாள், செல்வி, மலர்விழி). ஆனால் இது முழு விதி கிடையாது. இகரத்தில் முடியும் ரவி, ஹரி, பழனி ஆண்கள். ஆ என்று முடியும் நிலா, ஓவியா பெண்கள், அதே ஆ என்று முடியும் சூர்யா, சிவா, ஜீவா ஆண்கள். அம் என்று முடிவதில்தான் விளையாட்டே இருக்கிறது: செல்வம், மாணிக்கம் ஆண்களுக்குப் போய்விட்டன, கமலம், ராஜம் பெண்களுக்குப் போய்விட்டன, ஈற்றில் எந்த வித்தியாசமும் இல்லை. எல்லாம் யார் முதலில் யாருக்கு வைத்துப் பழக்கினார்கள் என்பதுதான்.

ஈறு இல்லாத வெறும் சொல்லாக இருந்தால் பெயர் தானாகவே பொதுவாகிவிடுகிறது. இனியன், இனியா இரண்டும் பால் காட்டுகின்றன, அன்பு, சுடர் காட்டுவதில்லை. அதனால் பொதுவான பெயர் தேடுகிறவர்கள் பெயர்ப் பட்டியலைப் புரட்டுவதைவிட நல்ல பெயர்ச்சொற்களை யோசித்தால் சீக்கிரம் கிடைக்கும்.

தமிழ்ல எழுதும்போது வந்தான், வந்தாள்னு சொல்லித்தானே ஆகணும்? அப்புறம் பேர் பொதுவா இருந்து என்ன பிரயோஜனம்?

வந்தார் இருக்கிறதே. மரியாதைப் பன்மை பாலைக் காட்டுவதில்லை, அது தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதி. ஔவையார், கபிலர் என்று ஆர், அர் ஈறு போட்டே எழுதிப் பழகிய மொழி இது. சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஆய்வாளருக்கு ஆய்வாளர் கணக்கு வேறுபடுவதற்கு அந்த ஈறும் ஒரு காரணம், பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை.

பிரயோஜனம் என்ன என்றால், வந்தாள் என்று சொல்வதற்கு வினைச்சொல் இருக்கும்போது அந்த வேலையைப் பெயரும் சேர்ந்து செய்ய வேண்டிய அவசியம் இல்லை. பெயர் அர்த்தத்துக்காகவும் ஓசைக்காகவும் மட்டும் இருக்கலாம். செய்தாலும் தப்பில்லை, நான் வள்ளியம்மாளுக்கு எதிரி இல்லை.

குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடியே பேர் முடிவு பண்ணலாமா? என்ன குழந்தைனே தெரியாதே?

பண்ணலாம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதும் கேட்பதும் நம் நாட்டில் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இங்கே எல்லாப் பெற்றோருமே தெரியாமல்தான் காத்திருக்கிறோம். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல் போட்டு வைக்கலாம். இல்லாவிட்டால் ஒரே ஒரு பொதுவான பெயரைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

இரண்டாவது வழியில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, இதைப் பல அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐந்தாம் மாதத்திலிருந்தே வயிற்றைத் தொட்டு "சுடர், தூங்கிட்டியா?" என்று பேசலாம். யார் வந்தாலும் அந்தப் பெயர் அவர்களுக்காகவே காத்திருந்த பெயர். எதுவாக இருந்தாலும் நீ எங்களுக்கு வேண்டும் என்பதை, குழந்தை பிறப்பதற்கு முன்பே வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்ன மாதிரியும் ஆயிற்று.

பர்த் சர்டிபிகேட்ல பேர் உடனே போட்டே ஆகணுமா? ஆஸ்பத்திரியில அவசரப்படுத்தறாங்க.

இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், பெயருக்கு அந்த அவசரம் கிடையாது. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்து சான்றிதழ் வாங்கலாம், பிறகு 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.

ஆனால் 15 வருடம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கிற குழந்தைகளுக்குப் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. முதல் வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். அதே சமயம் சேர்ப்பது சுலபம், ஏறிய பெயரை மாற்றுவது கஷ்டம் என்பதால், பிரசவமான களைப்பில் யாரோ நீட்டிய தாளில் எதையாவது எழுதிக்கொடுப்பதைவிட ஒரு மாதம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம்.

பொதுவான பேர் வச்சா ஃபார்ம், ஐடி கார்டு இதுல எல்லாம் சிக்கல் வருமா?

சட்டச் சிக்கல் எதுவும் வராது. பெயர் பாலைக் காட்ட வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் இல்லை. இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம், ஆனால் ஐஸ்லாந்தில் ஆண் பெயரைப் பெண்ணுக்கு வைக்கக் கூடாது என்ற விதி 2019 வரை இருந்தது. ஜெர்மனியில் ஒரு பெண் குழந்தைக்குக் கிரண் என்று வைக்க விடவில்லை என்று பெற்றோர் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2008-ல்தான் அனுமதி கிடைத்தது.

நடைமுறைத் தொந்தரவு வரும், மறைக்க மாட்டேன். கல்லூரியில் சேர்ந்த வருடம் என் பெயர் ஆண்கள் விடுதிப் பட்டியலில் இருந்தது. பெட்டியோடு அரை நாள் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தேன், அப்பா உள்ளே போய்ப் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அழுகை வந்தது உண்மை. அதற்குப் பிறகு எங்கே பெயர் எழுதினாலும் பாலினக் கட்டத்தை நானே இரண்டு தடவை சரிபார்க்கிறேன், மின்னஞ்சலின் கீழே செல்வி என்று போட்டுக்கொள்கிறேன், அதோடு சரி, இத்தனை வருடத்தில் பெரிதாக வேறெதுவும் ஆகவில்லை.

வெளிநாடு போகிறவர்கள் இன்னொன்றை யோசிக்க வேண்டும். நம் இனிஷியல் அங்கே விரிந்து அப்பா பெயராகி, அதுவே குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்காரும். மகள் கிரண், அப்பா ராமசாமி என்றால் அங்கே அவள் கிரண் ராமசாமி, அதாவது தமிழ் தெரிந்தவர் பார்வையில் கண்டிப்பாக ஆண். மலேசியாவில் இந்தக் குழப்பம் இல்லை, அங்கே தமிழர் பெயருக்கு நடுவில் மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் வந்துவிடுகிறது. சீக்கியர்களிடமும் இதற்கு அழகான ஏற்பாடு இருக்கிறது, முதல் பெயர் பொது, பின்னால் வரும் சிங், கவுர்தான் பிரிக்கும். ஹர்மன்ப்ரீத் சிங் ஹாக்கி வீரர், ஹர்மன்ப்ரீத் கவுர் கிரிக்கெட் வீராங்கனை.

ஸ்கூல்ல கிண்டல் பண்ண மாட்டாங்களா?

பண்ணலாம். ஆனால் குழந்தைகள் கிண்டல் செய்வதற்குப் பால் ஒரு காரணம் மட்டும்தான், எதுகைதான் அவர்களுக்குப் பெரிய ஆயுதம். பெயரை முடிவு செய்யும் முன் அதோடு ஒலிக்கிற சொற்களையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இனிஷியலோடு சேர்த்தும் சொல்லிப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒருவரிடம் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது, உங்களுக்குத் தோன்றாதது அவர்களுக்கு ஒரு நொடியில் தோன்றும்.

அப்புறம், பெயருக்கு ஒரு வரிக் கதையைக் குழந்தையிடம் சீக்கிரமே கொடுத்துவிடுங்கள். "எழில்னா அழகு, எங்க அம்மா தேடி வச்ச பேரு" என்று ஐந்து வயதில் எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. பதில் தெரிந்த பிள்ளையை யாரும் ரொம்ப நேரம் கிண்டல் செய்வதில்லை.

பொண்ணுக்குப் பையன் பேர் மாதிரி வச்சா ஸ்டைலா இருக்கு. பையனுக்குப் பொண்ணு பேர் மாதிரி இருந்தா அசிங்கமா இருக்காதா?

அடிக்கடி வருகிற, என்னை வருத்தப்படுத்துகிற கேள்வி இது. கேட்பவர்கள் நல்லவர்கள், பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறார்கள், அதனால் கோபமில்லாமல் பதில் சொல்கிறேன். பெண்ணுக்கு ஆண் பெயர் வைத்தால் ஒரு படி மேலே ஏறிய மாதிரியும், பையனுக்குப் பெண் பெயர் வைத்தால் ஒரு படி கீழே இறங்கிய மாதிரியும் தோன்றுகிறது என்றால், ஆண், பெண் இருவரில் யாரை எங்கே வைத்திருக்கிறோம் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. அந்தப் படிக்கட்டு பெயருக்குள் இல்லை, அதை நாம்தான் கட்டி வைத்திருக்கிறோம்.

உலகம் முழுக்க இப்படித்தான் நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஆஷ்லி, லெஸ்லி, எவலின், பெவர்லி எல்லாம் ஒரு காலத்தில் ஆண்களின் பெயர்கள். பெண் குழந்தைகளுக்கும் வைக்க ஆரம்பித்த பிறகு பையன்களைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள், கடைசியில் அவை பெண் பெயர்களாகவே நின்றுவிட்டன. எதிர்ப்பக்கம் போன பெயர்கள் மிகவும் அபூர்வம். பொதுவான பெயர் ரொம்ப நாள் பொதுவாக நீடிக்காமல் போவதற்குக் காரணம் பையன்களின் பெற்றோருக்கு இருக்கும் இந்தப் பயம்தான்.

நம்மிடம் முன்பெல்லாம் அந்தப் பயம் இருந்ததில்லை என்பதற்கு மாரியப்பனும் காளிமுத்துவும் சாட்சி. கோமதிநாயகம், லட்சுமிநாராயணன், மீனாட்சிசுந்தரம் என்று பெண் தெய்வத்தின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு எத்தனை ஆண்கள் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர், மகாவித்துவான் என்று தமிழுலகம் கொண்டாடியவர், பெயர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. உங்கள் பையனுக்குக் கண்மணி என்றோ யாழ் என்றோ வைக்க மனம் இருந்தால் வையுங்கள். மனம் இல்லையென்றால் உங்களுக்குப் பிடித்த ஆண் பெயரை வையுங்கள், அதுவும் நல்லதுதான். அசிங்கம் என்ற சொல்லை மட்டும் பெண்களின் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் அவள் காதில் விழும்.

ஜாதகப்படி டி, டு, டே, டோ-ல ஆரம்பிக்கணும்கறாங்க. அதுல பொதுவான பேர் ஒண்ணுகூட கிடைக்கல.

ஆயில்யம் நட்சத்திரமாக இருக்கும். கிடைக்காததற்கு நீங்கள் காரணம் இல்லை. தமிழ்ச் சொற்கள் ட-வில் ஆரம்பிப்பதே இல்லை, ர, ல-விலும் ஆரம்பிப்பதில்லை, அதனால்தான் பழைய ஆட்கள் இராமன், இலக்குமி என்று முன்னால் ஓர் இ சேர்த்து எழுதினார்கள். நட்சத்திர எழுத்துகள் வடமொழி ஒலிகளை வைத்து வகுக்கப்பட்டவை, அதனால் சில நட்சத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடினால் பாறையில் கிணறு தோண்டுகிற மாதிரிதான்.

நம்பிக்கை உள்ள பல குடும்பங்கள் செய்வது: பெயர் சூட்டும் அன்று குழந்தையின் காதில் சொல்கிற பெயர் அந்த எழுத்தில், சான்றிதழில் ஏறும் பெயர் பிடித்த எழுத்தில். வீட்டுப் பெரியவர்கள் மனமும் நோகாது, பிள்ளைக்கும் வாயில் நுழையும் பெயர் கிடைக்கும். எனக்கு இது நல்ல வழியாகத்தான் படுகிறது.

மாமனார் பேரைத்தான் வைக்கணும்னு சொல்றாங்க. பிறந்தது பொண்ணு. என்ன செய்யறது?

பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை, தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குபவர்கள் என்று அர்த்தம். அதனால் மாமனாரின் ஆசையைச் சின்னதாக நினைக்காதீர்கள். பெரியவர்களின் பெயர் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும், முன்துண்டை எடுத்தால் பொதுவான பெயர் கிடைத்துவிடும். கதிரேசன் என்றால் கதிர், அன்பழகன் என்றால் அன்பு, முத்துக்கருப்பன் என்றால் முத்து, அருளானந்தம் என்றால் அருள், சுடலைமுத்து என்றால்கூட முத்து இருக்கிறது. அமிர்தலிங்கம் என்றால் அமிர்தா என்று பெண் பெயராகவே வந்துவிடும்.

அதே மாதிரி, பையன் பிறந்தால் பாட்டியின் பெயரிலிருந்தும் ஒரு துண்டு எடுக்கலாம், அதை ஏனோ யாரும் கேட்பதே இல்லை. மணிமேகலைப் பாட்டியின் பேரனுக்கு மணி என்று வைப்பது எவ்வளவு சுலபம்.

நெட்ல எடுத்த பேருக்குப் போட்டிருக்கற அர்த்தத்தை நம்பலாமா?

சரிபார்க்காமல் நம்பாதீர்கள். ஓசை நன்றாக இருக்கிற எதையாவது எழுதி, பக்கத்தில் இளவரசி, வெற்றி, ஒளி என்று போட்டுவிடுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் தேடுங்கள். வடமொழிச் சொல் என்றால் வடமொழி அகராதி, அரபுச் சொல் என்றால் அந்த மொழி தெரிந்த ஒருவர்.

அகராதியைத் திறந்தால் போனஸும் கிடைக்கும். இசை என்றால் பாட்டு மட்டுமில்லை, புகழ் என்றும் பொருள், "ஈதல் இசைபட வாழ்தல்" என்று குறளில் வருவது அதுதான். மதி என்றால் நிலவு, அறிவு இரண்டும். இப்படிப் பொதுவான பெயர் ஒன்றுக்குள் இரண்டு நல்ல அர்த்தம் இருந்தால், பிள்ளை வளர்ந்து தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

ஆங்கில ஸ்பெல்லிங் எப்படி வைக்கிறது? நியூமராலஜிக்கு ஒரு எழுத்து கூட்டலாமா?

ழ வருகிற பெயர் என்றால் அதைத் தமிழ் தெரியாதவர் சரியாகச் சொல்ல மாட்டார் என்று இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள். என்னை எசில் என்று கூப்பிட்டவர்கள் அதிகம், நான் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கு அதில் சலிப்பு வந்ததில்லை. உங்கள் பிள்ளைக்கு வரலாம். வெளிமாநிலம், வெளிநாடு என்று இருக்கப்போகிறவர்கள் ழ, ற, ஞ இல்லாத பெயரை யோசித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக் கூட்டுவது உங்கள் நம்பிக்கை. ஆனால் செய்வதென்றால் சான்றிதழில் ஏறும் முன் செய்யுங்கள், அதற்குப் பிறகு எல்லா ஆவணத்திலும் அதே எழுத்துகள் அதே வரிசையில் இருக்க வேண்டும். ஒன்றில் ஒரு ஏ, இன்னொன்றில் இரண்டு ஏ என்று இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது பிள்ளை அலைய வேண்டிவரும்.

மூத்தவளுக்குப் பொண்ணு பேர்தான் இருக்கு. ரெண்டாவதுக்குப் பொதுவான பேர் வச்சா பொருந்துமா?

பொருந்தும். யாழினியும் சுடரும் ஒரே வீட்டில் அழகாக இருப்பார்கள். இரட்டைக் குழந்தைகள் என்றால் மட்டும் ஒரே எழுத்தில் ஆரம்பித்து ஒரே மாதிரி ஒலிக்கிற பெயர்களைத் தவிர்ப்பது நல்லது, தடுப்பூசி அட்டை முதல் பரீட்சைத் தாள் வரை மாறிப்போகும்.

மூணாவதும் பொண்ணு. பையன் பேரா வச்சா அடுத்தது பையன் பிறக்கும்னு பெரியவங்க சொல்றாங்க.

தயவுசெய்து வேண்டாம். நம் கிராமங்களில் போதும்பொண்ணு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வேண்டாம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்தது பையனாக வர வேண்டும் என்ற ஆசையில், ஏற்கெனவே வந்துவிட்ட ஓர் உயிரைத் தினமும் வேண்டாம், வேண்டாம் என்று கூப்பிடுவது. மகாராஷ்டிராவில் இதே அர்த்தத்தில் நகுசா என்று வைப்பார்கள், 2011-ல் சதாரா மாவட்டத்தில் அந்தப் பெயரோடு இருந்த 285 பெண் பிள்ளைகளுக்கு நிர்வாகமே விழா எடுத்துப் புதுப் பெயர் கொடுத்தது. தனக்குப் பிடித்த பெயரைத் தானே தேர்ந்தெடுத்த பிள்ளைகளும் அதில் உண்டு.

பையன் வேண்டும் என்பதற்காகப் பெண்ணுக்கு ஆண் பெயர் வைப்பதும் அந்த வகைதான், கொஞ்சம் நாகரிகமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். குழந்தையின் பால் அப்பாவின் விந்தணு கொண்டுவரும் குரோமோசோமில் தீர்மானமாகிற விஷயம், அக்காவின் பெயருக்கு அதில் எந்த வேலையும் இல்லை. அன்பு, அருள் என்று வைக்க ஆசையிருந்தால் இந்தக் குழந்தைக்காக வையுங்கள். அவள் ஒரு நாள் "எனக்கு ஏன்மா இந்தப் பேரு வச்ச?" என்று கேட்பாள். அப்போது அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிகிற காரணமாக இருக்க வேண்டும். நான் யாருக்கு ஆலோசனை சொன்னாலும் கடைசியில் இந்த ஒரு சோதனையைத்தான் சொல்கிறேன், ஆண் பெயர், பெண் பெயர், பொதுப் பெயர் எல்லாவற்றுக்கும் இதுதான்.

என் பிள்ளை வளர்ந்து தன்னை வேற பாலா உணர்ந்தா? அதுக்காகவே பொதுவான பேர் வச்சிடலாமா?

வைக்கலாம், ஆனால் அதற்காக மட்டும் வைக்க வேண்டாம். பொதுவான பெயர் இருந்தால் அப்படி ஒரு கட்டம் வரும்போது ஒரு சுமை குறையும், பெயர் அப்படியே கூட வரலாம். இருந்தாலும் திருநங்கையர், திருநம்பியர் பலருக்குத் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது பெரிய நிறைவு, உங்கள் பெயர் எவ்வளவு பொதுவாக இருந்தாலும் அவர்கள் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதைப் பெற்றோர் தோல்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சட்டம் வழி விட்டிருக்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது, 2019-ம் ஆண்டுச் சட்டம் அடையாளச் சான்று பெற்றவர் பிறப்புச் சான்றிதழ் உட்பட ஆவணங்களில் முதல் பெயரை மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கிறது. அந்த நாள் வந்தால், புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

பேர் வச்சு எட்டு மாசம் ஆச்சு. இப்போ ரெண்டு பேருக்குமே பிடிக்கல. மாத்தலாமா?

முதலில் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விழாவில் வைத்து வாயில் கூப்பிடுவதோடு சரி, இன்னும் ஏறவில்லை என்றால் கவலையே இல்லை, மேலே சொன்ன 12 மாதம் முடிவதற்குள் புதுப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். குழந்தை பழைய பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருக்கும், அதைச் செல்லப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறிவிட்டது என்றால், எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும், அதற்குக் காகிதமும் காலமும் ஆகும். அதனால் மாற்றத்தான் வேண்டும் என்று இருவரும் உறுதியாக இருந்தால் பிள்ளை பள்ளியில் சேரும் முன்பே ஆரம்பியுங்கள், புதுப் பெயர் கைக்கு வரும்வரை ஆதாருக்கோ பாஸ்போர்ட்டுக்கோ பழைய பெயரில் விண்ணப்பிக்க வேண்டாம்.